எந்த சைக்கிளில் ஏறுவது?

முதல் டிரையத்லானில் இறங்க நினைக்கும் கொல்கத்தாவாசிக்கு நீச்சல் புதிதல்ல, ஓட்டமும் புதிதல்ல. இரண்டுக்கும் நடுவில் வருவதுதான் தலைவலி.

காலை ஐந்து மணி. காளிகாட் கோயிலுக்குப் போகும் சந்துகளில் செம்பருத்தி மாலைகள் தொங்கத் தொடங்கிவிட்டன. சற்றுத் தள்ளி ராஷ்பிஹாரி அவென்யூவில், பால் கேன்களும் செய்தித்தாள் கட்டுகளும் ஏற்றிய கறுப்பு சைக்கிள்கள் மணியடிக்காமல் ஊர்ந்துபோகின்றன. இவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒருவர், தலையில் ஹெல்மெட்டும் தொடையை இறுக்கும் கால்சட்டையுமாக, வளைந்த ஹேண்டில்பாரில் குனிந்தபடி மைதானத்தை நோக்கிப் பறக்கிறார். பால்காரரின் வண்டி சுமையில்லாமலே 20 கிலோவைத் தொடும். இவருடையது அதில் பாதி. விலையோ பத்து மடங்கு இருக்கலாம்.

இந்த இரண்டு வண்டிகளுக்கும் இடையில்தான் முதல் முறையாக டிரையத்லானில் பெயர் கொடுக்க நினைப்பவர் மாட்டிக்கொள்கிறார். வீட்டில் கிடக்கும் வண்டியே போதுமா? போதாது என்றால் எவ்வளவு செலவழிப்பது? மாதச் சம்பளக்காரருக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல. தவறான சைக்கிளை வாங்கியவர்கள் பந்தயத்தில் தோற்பதில்லை. முதுகுவலியுடன் திரும்பி வந்து, வண்டியை பால்கனியில் நிறுத்தி, அதன்மேல் துணி காயப்போடுகிறார்கள்.

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளியில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் போட்டி. 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மிஷன் பே என்ற கடற்கழிப் பகுதியில் ஓர் ஓட்டக்காரர் சங்கம் விளையாட்டாகத் தொடங்கியது இது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் போட்டியாகிவிட்டது. ஒலிம்பிக் தூரம் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். இதில் சரிபாதிதான் 'ஸ்பிரிண்ட்' எனப்படும் குறுந்தூரப் போட்டி: 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. புதியவர்கள் பெரும்பாலும் இதில்தான் கால் வைக்கிறார்கள். இந்தியாவில் 2010களில் சென்னை உள்ளிட்ட சில நகரங்களில் ஆர்வலர் குழுக்கள் நடத்திய போட்டிகள் இதைப் பரப்பின. 2019 அக்டோபரில் கோவாவில் 'அயர்ன்மேன் 70.3' வந்தது. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் பிரக்ஞா மோகன் உள்ளிட்ட நான்கு இந்தியர்கள் டிரையத்லானில் களமிறங்கினார்கள். அகமதாபாத்காரரான பிரக்ஞா ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் என்பது, அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்துவர நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு தரும் செய்தி.

வங்காளத்துக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. 1958இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த மிஹிர் சென்னும், அடுத்த ஆண்டே கடந்த ஆரதி சாஹாவும் இந்த மாநிலத்தவர்கள். முர்ஷிதாபாத்தில் பாகீரதி ஆற்றில் நடக்கும் 81 கி.மீ. நீச்சல் போட்டி உலகப் புகழ் பெற்றது. காளிகாட்டிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் காலையில் ஓடுபவர்களுக்கும், அங்குள்ள கிளப்புகளில் நீந்துபவர்களுக்கும் பஞ்சமே இல்லை. சைக்கிளும் இங்கே அந்நியம் அல்ல. 1926 டிசம்பரில் பிமல் முகர்ஜி மூன்று நண்பர்களுடன் கல்கத்தாவிலிருந்து சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார். வீடு திரும்பியது 1937இல். அவரிடம் கியரும் இல்லை, இறுக்கக் கால்சட்டையும் இல்லை.

ஆனால் இன்றைய போட்டியாளருக்குக் கணக்கு வேறு. ஸ்பிரிண்ட் டிரையத்லானில் ஏறத்தாழ பாதி நேரம் சீட்டின்மேல்தான் கழிகிறது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதித்தால் சைக்கிள் பகுதி சரியாக ஒரு மணி நேரம். 22 கி.மீ. என்றால் ஐந்தரை நிமிடம் மிச்சம். 25 கி.மீ. என்றால் 48 நிமிடத்தில் முடிந்துவிடும். இந்தப் பன்னிரண்டு நிமிடங்களைத்தான் கடைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்கள். எடையைக் காட்டி விற்பது இன்னும் எளிது. ஒற்றை விரலால் வண்டியைத் தூக்கிக் காட்டினால் எந்த வாடிக்கையாளரும் மயங்கிவிடுவார்.

இங்கேதான் கொஞ்சம் பௌதிகம் தேவைப்படுகிறது. எடை தொல்லை தருவது ஏற்றத்தில். கொல்கத்தாவோ கடல் மட்டத்திலிருந்து பத்து மீட்டர்கூட உயராத சமதரை. இங்குள்ள ஏற்றங்கள் மேம்பாலங்கள்தான். சமதரையில் இரண்டு கிலோ எடை குறைந்தால் 20 கி.மீ.-இல் கிடைக்கும் லாபம் சில விநாடிகள். அந்த இரண்டு கிலோவை வண்டியில் குறைக்க ஆகும் செலவைவிட வயிற்றில் குறைக்க ஆகும் செலவு குறைவு. சமதரையில் உண்மையான எதிரி காற்று. வேகம் கூடக்கூட காற்றின் தடை அதன் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது, அதை வெல்லத் தேவையான சக்தி மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. அந்தக் காற்றை எதிர்கொள்வதில் பெரும்பங்கு வண்டி அல்ல, அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆசாமி. முழங்கையை மடக்கி, முதுகைச் சற்றுத் தாழ்த்தி 20 கி.மீ. தாக்குப்பிடிக்க முடிந்தால், காசு செலவில்லாமல் சில நிமிடங்கள் கிடைக்கும்.

இதை உலகத்துக்கு நிரூபித்ததே டிரையத்லான்காரர்கள்தான். முழங்கையை ஊன்றிக் கைகளை முன்னால் நீட்டிப் பிடிக்கும் ஹேண்டில்பார் 1980களில் அவர்களிடையேதான் பரவியது. 1989ஆம் ஆண்டு டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தின் கடைசி நாள், 24.5 கி.மீ. தனிநபர் ஓட்டத்தில் கிரெக் லெமாண்ட் அதை மாட்டிக்கொண்டு வந்தார். அதுவரை 50 விநாடி முன்னிலையில் இருந்த லாரன்ட் ஃபினியோனை மொத்தத்தில் 8 விநாடி வித்தியாசத்தில் வென்றார். இந்தக் கதையைப் படித்ததும் அந்த ஹேண்டில்பாரை வாங்கத் தோன்றும். முதல் போட்டிக்கு வேண்டாம். அதைப் பிடித்திருக்கும்போது கை பிரேக்கில் இருக்காது. குறுக்கே ஒரு மாடு, ஒரு ரிக்‌ஷா, ஒரு சக போட்டியாளர் வந்தால் லெமாண்ட் உதவிக்கு வரமாட்டார்.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் இருப்பதைப் பார்ப்போம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) சைக்கிள் வைத்திருக்கும் குடும்பங்களின் விகிதத்தில் மேற்கு வங்கம்தான் நாட்டிலேயே முதலிடம்: 78.9 சதவீதம். அகில இந்திய சராசரி 50 சதவீதம்தான். 2015இல் தொடங்கிய 'சபுஜ் சாத்தி' திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான மாணவர்களுக்கு மாநில அரசு ஒரு கோடிக்கும் மேல் சைக்கிள்கள் கொடுத்திருக்கிறது. ஆகவே வீட்டில் ஏதோ ஒரு வண்டி இருக்கும். அது கேரியரும் ஸ்டாண்டும் மட்கார்டும் வைத்த பழைய கறுப்பு வண்டி என்றால், அதிலும் 20 கி.மீ. போகலாம். பால்காரர் தினமும் போகிறார். ஆனால் கியர் இல்லாமல், நிமிர்ந்த முதுகோடு போய் இறங்கும்போது, அடுத்து ஓட வேண்டிய 5 கி.மீ.-க்குக் காலில் மிச்சம் இருக்காது.

வீட்டில் இருப்பது பையனின் 'மவுன்டன் பைக்' என்றால், அதை மட்டமாக நினைக்கத் தேவையில்லை. அதில் பிரச்சினை இரண்டுதான். முள்முள்ளான தடித்த டயர், முன்னும் பின்னும் உள்ள ஸ்பிரிங். மிதிக்கும் ஒவ்வொரு மிதியிலும் ஒரு பங்கை ஸ்பிரிங் விழுங்கிவிடுகிறது. பூட்டி வைக்கும் வசதி இருந்தால் பூட்டிவிடலாம். டயரை வழவழப்பான, ஒன்றரை அங்குல அகலம் உள்ளதாக மாற்றி, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று அடித்தால், அதே வண்டி வேறு வண்டியாகிவிடும். கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டையை மாற்றினால் ஒரு ஸ்பிரிண்ட் போட்டிக்குத் தாராளமாகப் போதும். முதல் போட்டியை முடித்த பிறகு இந்தப் பைத்தியம் நீடிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போவதுதான் பர்ஸுக்கு நல்லது.

புதிது வாங்கியே தீருவது என்றால், காளிகாட்காரர் மெட்ரோ பிடித்து எஸ்பிளனேடில் இறங்கி பென்டிங்க் தெருப் பக்கம் நடப்பார். சைக்கிள் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. கொல்கத்தாவின் சைக்கிள் வியாபாரம் நூறு வயதைத் தாண்டியது. 'குந்தலீன்' கூந்தல் தைலத்தால் புகழ்பெற்ற ஹேமேந்திர மோகன் போஸ், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாரிசன் சாலையில் (இன்றைய மகாத்மா காந்தி சாலை) சைக்கிள் கடை வைத்திருந்தார். விஞ்ஞானிகள் ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அவரிடம்தான் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்பது இந்த ஊர் சொல்லும் கதை. பின்னர் சுதீர் குமார் சென் இங்கிலாந்தின் ராலே நிறுவனத்துடன் சேர்ந்து ஆசன்சோல் அருகே சென்-ராலே தொழிற்சாலையை நிறுவினார். 1980இல் அது நாட்டுடைமையாகி, நலிந்து, மூடப்பட்டது. இன்று பென்டிங்க் தெருவில் நிற்பவை பெரும்பாலும் லூதியானாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பெயர்கள், கூடவே வெளிநாட்டு வண்டிகள்.

இங்கே தேர்வு உண்மையில் இரண்டுக்குள் அடங்குகிறது. ஒன்று, நேரான ஹேண்டில்பாரும் மெலிந்த பெரிய சக்கரமும் உள்ள 'ஹைபிரிட்'. மற்றது, வளைந்த ஹேண்டில்பார் வைத்த 'ரோட் பைக்'. மூன்றாவதாக ஒன்று உண்டு. டிரையத்லானுக்கென்றே செய்த வண்டி. லட்சங்களில் விலை, நேர்கோட்டில் பறக்கும், திருப்பத்தில் முரண்டு பிடிக்கும். முதல் போட்டிக்காரர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

ரோட் பைக் வேகமானது என்பதில் சந்தேகமில்லை. குனிந்து பிடிக்கும் வசதி இருப்பதால் காற்றை ஏமாற்றும். ஆனால் காளிகாட்டில் குடியிருப்பவர் அதை வாங்குமுன் தெருவைப் பார்க்க வேண்டும். ராஷ்பிஹாரி அவென்யூ டிராம் ஓடிய சாலை. 2024இல் மாநில அரசு, மைதானத்துப் பாரம்பரியத் தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்தது. டிராம்கள் அருகிவிட்டாலும் நகரின் பல சாலைகளில் தண்டவாளங்கள் இன்னும் கிடக்கின்றன. தண்டவாளத்தின் பள்ளம் இரண்டு விரல் அகலம். ரோட் பைக்கின் டயர் 23 முதல் 28 மில்லிமீட்டர். ஒன்றுக்குள் ஒன்று உறைக்குள் கத்திபோல் இறங்கிவிடும். இறங்கிய பிறகு ஹேண்டிலைத் திருப்ப முடியாது, விழ மட்டுமே முடியும். மழைக்காலத்தில் ஈரத் தண்டவாளம் சோப்புக் கட்டி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தெருவில் தேங்கும் நீருக்கடியில் குழி எங்கே இருக்கிறது என்பது காளிக்குத்தான் வெளிச்சம். எனவே, வீட்டிலிருந்தே மிதித்துக்கொண்டு பயிற்சிக்குப் போகிறவருக்கு 35 மி.மீ. அளவில் டயரும், ஈரத்திலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கும் உள்ள ஹைபிரிட்தான் இந்த ஊருக்குப் பொருந்துகிறது. எந்த டயரானாலும் தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும் என்பது தனிப் பாடம்.

இன்னொரு சங்கதியைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ரோட் பைக் டியூபுகளில் பெரும்பாலும் 'பிரெஸ்டா' என்ற மெல்லிய வால்வு இருக்கும். தெருமுனையில் பம்பும் தண்ணீர்த் தட்டுமாக உட்கார்ந்திருக்கும் பஞ்சர்காரரின் பம்பு, பழைய வால்டியூப் வைத்த வால்வுக்கானது. அதில் இது பொருந்தாது. சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பித்தளை அடாப்டர் ஒன்று சட்டைப்பையில் இல்லையென்றால், அரை லட்ச ரூபாய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வர வேண்டியதுதான்.

வண்டி எதுவானாலும் உடம்புக்குப் பொருந்துவதுதான் முதல் தகுதி. சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடங்கும். அதுவே சரியான உயரம். நம் ஊரில் பெரும்பாலானோர் தரையில் கால் ஊன்றும் பத்திரத்துக்காக சீட்டைத் தாழ்த்தி வைத்து, முழங்காலைப் பாழாக்கிக்கொள்கிறார்கள். அதேபோல ஹேண்டிலை எட்டிப் பிடிக்கத் தோள் விறைத்தால் ஃபிரேம் பெரிது என்று அர்த்தம். கடையில் மிஞ்சியிருக்கும் அளவைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறைக்குப் பெரிய வண்டியும் பழகிவிடும் என்ற நம்பிக்கை உண்டு. பந்தயத்தில் பழகாது.

'லேடீஸ் சைக்கிள்' என்று பெண்களுக்குத் தனியாகக் காட்டுவதும் இப்படித்தான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களில் பலர் 'ஜென்ட்ஸ்' வண்டியை விரும்பியதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். குறுக்கே உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது காரணம். தனக்கு எது தேவை என்று தெரிந்தவர்கள் லேபிளைப் பார்ப்பதில்லை.

விலை? வண்டிக்கு வண்டி மாறும் என்றாலும், உருப்படியான கியர் ஹைபிரிட் ஏறத்தாழ 15,000 ரூபாயிலிருந்தும் ரோட் பைக் 30,000 ரூபாயை ஒட்டியும் தொடங்குகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது ஓர் ஆறுதல். பழையது வாங்குவது அதைவிடப் பெரிய ஆறுதல். 2020 ஊரடங்கில் சைக்கிளுக்கு நாடெங்கும் கிராக்கி ஏற்பட்டது. (நீண்ட காலம் பெயர் சொல்லிவந்த அட்லஸ் நிறுவனம் சாகிபாபாத் ஆலையை மூடியதும் அதே ஆண்டுதான், அதுவும் ஜூன் 3 உலக சைக்கிள் தினத்தன்று.) அப்போது வாங்கி ஆறே மாதத்தில் அலுத்துப்போனவர்களின் வண்டிகள் அடுக்குமாடிகளில் இன்னும் நிற்கின்றன. ஃபிரேமின் இணைப்புகளில் வெடிப்பு, சக்கரத்தில் கோட்டம், ஹேண்டில் கழுத்தில் ஆட்டம் இல்லையென்றால் துணிந்து பேரம் பேசலாம்.

மிஞ்சும் பணத்தில் முதலில் ஹெல்மெட். அது இல்லாமல் போட்டியில் அனுமதி இல்லை. வண்டியைத் தாங்கியிலிருந்து எடுக்குமுன் ஹெல்மெட் கொக்கியை மாட்டியிருக்க வேண்டும், திரும்ப வைத்த பிறகே கழற்ற வேண்டும். ஈரக் கையோடு அவசரத்தில் இதை மறந்து தண்டனை வாங்குபவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் உண்டு. ஷூவைப் பெடலோடு பிணைக்கும் ஏற்பாடு முதல் முறைக்குத் தேவையில்லை. ஓட்டத்துக்கான ஷூவிலேயே மிதித்தால், இறங்கியதும் அப்படியே ஓடலாம்.

இவ்வளவு பார்த்து வாங்கிய வண்டியை ஓட்டுவது எங்கே என்பதுதான் கொல்கத்தாவின் தனிச் சங்கடம். 2008இல் மாநகரக் காவல்துறை 38 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தது. 2013இல் பட்டியல் 174 சாலைகளாக நீண்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் 62 ஆகச் சுருங்கியது. காரணம் போக்குவரத்து வேகம் குறைகிறதாம். பால்காரரும் தச்சரும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் சந்து சந்தாகச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டார்கள். 2020 பெருந்தொற்றின்போது பேருந்துகள் போதாமல் போகவே, சிறிய சாலைகளில் சைக்கிளுக்கு வழி விடப்பட்டது. மாணவர்களுக்குக் கோடிக்கணக்கில் சைக்கிள் தரும் ஒரு மாநிலத்தின் தலைநகரில் அதே சைக்கிளுக்குப் பெரிய சாலையில் இடமில்லை என்பதற்கு யாரும் திருப்தியான விளக்கம் தந்ததில்லை.

எனவே பயிற்சி என்பது சூரியனோடு போட்டி. விடியுமுன் மைதானத்தைச் சுற்றியுள்ள அகன்ற சாலைகளில் சில சுற்றுகள். ஞாயிறன்று, சைக்கிளுக்கென்று தனித்தடம் போட்டிருக்கும் நியூ டவுன் வரை. பேருந்துகள் பெருகுவதற்குள் திரும்பிவிட வேண்டும். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்க வரும் தமிழ்க் குடும்பங்கள் நடமாடத் தொடங்கும் நேரத்தில், கண்ணாடியும் ஹெல்மெட்டுமாக ஒருவர் அங்கே வந்து சேர்கிறார். இருபது கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்துக்குள் முடித்த களைப்பும் களிப்பும் முகத்தில். அடுத்த முனையில் சைக்கிள் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகை. இறங்குகிறார். நடைபாதையில் ஏற்றி, சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கிறார், பால்காரருக்குப் பின்னால்.